ஒற்றை நட்சத்திர விருந்து

ரொக்ஸ்பரோ
7 மே 2024

அம்புறோஸ்,

‘அன்புள்ள தம்பி’ என்று தொடங்கக் கை வரவில்லை. அதனால் வெறும் பெயரோடு நிற்கிறேன். போன் எடுத்துப் பார்த்திருப்பாய். உன் இலக்கத்தை அடைத்து வைத்திருக்கிறேன். உன் குரலைக் கேட்டால் வாயில் வந்ததெல்லாம் கொட்டிவிடுவேன். எழுதினால் கொஞ்சம் நிதானமாக ஏசலாம்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருசம். மண்டபம் வேண்டாம், பாட்டுக்காரர் வேண்டாம், தம்பி வேலை செய்கிற ஹோட்டலில் பெரிய பஃபே இருக்கிறது, அங்கே போவோம் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான். இவர் முதலில் வேண்டாம் என்றார். “சூதாட்ட இடத்துக்கைப் போய்ச் சாப்பிடுறதே? பங்குச் சனம் என்ன சொல்லும்?” என்று கேட்டார். பிறகு, துறைமுகத்தில் கூட வேலை செய்கிற ஒருவர் கூப்பன் தந்தார் என்று தானே மேசை பதிந்துவிட்டார். பங்கில் இருந்து செபஸ்தியாம்பிள்ளை அங்கிள் குடும்பம், எலிசா குடும்பம், பிறகு பக்கத்து வீட்டுக் குணேஸ்வரி. எல்லாருக்கும் காரில் வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தேன்: “இறைச்சி வெட்டுற இடத்திலை என்ர தம்பிதான் நிக்கிறான். பாருங்கோ, உங்களுக்கெண்டு நல்ல துண்டாப் பாத்துப் போடுவான்.”

வாசலில் நின்ற பெட்டை இவரைக் கண்டதும் “பொஞ்சூர், முசியே வின்சன்ட்” என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள். ஆறு தெரிகிற கண்ணாடிப் பக்கத்து மேசை. இவர் வாய் திறக்க முதலே இஞ்சிச்சோடா வந்தது. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அந்நியர் கொடுத்த மரியாதை அது.

பிறகு நான் தட்டோடு உன்னிடம் வந்தேன். பின்னால் எல்லாரும் வரிசையில். நீ தலையை நிமிர்த்தி என் கண்ணைப் பார்த்தாய். “பொஞ்சூர், மடாம். மாடா, வான்கோழியா?” என்று பிரெஞ்சில் கேட்டாய். மடாம்! உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் உனக்கு மடாம். “டேய், நான் அக்கா” என்றேன். நீ காகிதம் போல ஒரு துண்டை வைத்துவிட்டு எனக்குப் பின்னால் நின்ற எலிசாவைப் பார்த்து “மடாம்?” என்றாய். செபஸ்தியாம்பிள்ளை அங்கிள் தொண்டையைச் செருமினார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குச் சாவாக இருந்தது.

அதற்குப் பிறகு சாப்பாடு எங்கே இறங்கும்? நண்டுக்கால் ஐஸ்பெட்டிக்குள் இருந்து வந்தது போல் குளிர். கோழிக்கறி சீனிப்பாணிக்குள் போட்டதுபோல் இனிப்பு. எலிசா கைப்பையில் கொண்டுவந்த சம்பல் போத்தல்தான் எல்லாரையும் காப்பாற்றியது.

வீட்டுக்கு வந்து எல்லாருமாக இருந்து இணையத்தில் எழுதினோம். எல்லாரும் ஒரு நட்சத்திரம். இறைச்சிக் கவுண்டரில் நிற்கும் அம்புறோஸ் என்பவருக்கு மனிதரை மதிக்கத் தெரியாது என்று நான் பெயர் போட்டே எழுதினேன். அவர்களும் உன் பெயரைப் போட்டார்கள். வாசித்துப் பார்.

அக்னெஸ்


கோட்-டெ-நெய்ஜ்
13 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வாசித்தேன். நான் தேடிப் போகவில்லை, எனக்கு வாசித்துக் காட்டினார்கள்.

எங்கள் இடத்தில் ஒரு வழக்கம். கதவு திறக்க முதல் செஃப் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து, முதல் நாள் சாப்பிட்ட சனம் எழுதினதைச் சத்தமாக வாசிப்பார். லாவாலில் இருந்து ஒரு அம்மா, சூப் நாக்கைச் சுட்டுவிட்டது என்று எழுதியிருந்தா. ஒருவர் ஐஸ்கிறீம் இயந்திரத்துக்கு மட்டும் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். எல்லாரும் சிரித்தோம். அதற்குப் பிறகு உங்களுடையவை வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாவற்றிலும் என் பெயர். ஒருவரும் சிரிக்கவில்லை.

குணேஸ்வரி அக்கா தமிழிலேயே எழுதியிருந்தா. ‘ஒரு வாய் சாப்பிடுங்கோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை’ என்று. அதை என்னைக் கொண்டே மொழிபெயர்ப்பித்தார்கள். செஃப் விளங்காமல் பார்த்தார். “சாப்பிட வந்த ஆளைச் சாப்பிடச் சொல்லிச் சமையல்காரன் கெஞ்ச வேண்டுமா? உங்கள் ஊரில் அப்படியா?” என்று கேட்டார். “ஓம் செஃப்” என்றேன்.

அந்தத் துண்டு பற்றி. மெல்லிசாக வெட்டி விசிறி மாதிரி விரித்து வைப்பதுதான் இங்கே முறை. வேண்டுமென்றால் ஆட்கள் கேட்பார்கள், இன்னொன்று வைப்போம். கேட்காமல் வைக்கக்கூடாது. எங்கள் சனம் கேட்காது, அக்கா. போடப் போட ‘காணும், காணும்’ என்று கையால் மறிக்கும், மறித்தாலும் போட வேண்டும். அது எனக்குத் தெரியாதா? தட்டை நீட்டிக்கொண்டு செபஸ்தியாம்பிள்ளை அங்கிள் நின்றதும், பிறகு அந்த ஒற்றைத் துண்டோடு நகர்ந்ததும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

இப்போது என்னைப் பின்னால் தட்டுக் கழுவ விட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் மேலதிகாரிகள் கூடி விசாரிப்பார்களாம். இத்தனை பேர் ஒரே ஆளின் பெயரைச் சொல்லி எழுதியது இதுதான் முதல் தடவையாம். எழுதினதை நீங்கள் அழித்து, மற்றவர்களையும் அழிக்கச் சொன்னால் நான் தப்புவேன். இல்லாவிட்டால் அனுப்பிவிடுவார்கள்.

‘மடாம்’ என்றதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

தம்பி
அம்புறோஸ்


ரொக்ஸ்பரோ
18 மே 2024

அம்புறோஸ்,

கேட்காதீர்களாம்! செய்வதையும் செய்துவிட்டு, ஏனென்று கேட்கவும் கூடாதாம். பெரிய மந்திரி வேலைதான் பார்க்கிறாய்.

தட்டுக் கழுவுகிறாய் என்று வாசித்தபோது கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். பொய் சொல்லமாட்டேன். தான் ஆடாவிட்டாலும் தசை ஆடும். ஆனால் எனக்கு நடந்ததையும் நினைத்துப் பார். போன ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது எலிசா கேட்கிறாள், “அக்கா, உங்கடை சொந்தத் தம்பிதானே அவர்? இல்லாட்டிச் சித்தப்பா மகனோ?” சொந்தத் தம்பிதான் என்று சொல்ல வெட்கப்பட்டு நின்றேன், அதுவும் கோயில் வாசலில்.

இவருடைய குணத்தைக் கேள். உன் கடிதம் வந்த நாளில் இருந்து, “எழுதினதை அழி அக்னெஸ், பாவம் பெடியன், வேலை போயிடும், விடு” என்று சொல்லிச் சொல்லி என்னை அரிக்கிறார். உன்னால் சபையில் அவமானப்பட்டதில் பாதி அவருடையது. ஆனாலும் உனக்காகத்தான் பரிந்து பேசுகிறார். நீ இந்த நாட்டுக்கு வந்து நின்றபோது எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் உன்னை வைத்துச் சாப்பாடு போட்டவர் அவர். வாய் திறந்து ஒரு சொல் குத்திக் காட்டினாரா? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. அந்த மனிசனின் முகத்துக்காகவாவது அன்றைக்கு ஒரு “அத்தான்” சொல்லியிருக்கலாம்.

மனிசன் இப்போதும் புதன்கிழமை தவறாமல் மேலதிக வேலை என்று துறைமுகத்தில் போய் மாய்கிறார். களைத்து வந்து, சாப்பாடுகூட வேண்டாம் என்று படுத்துவிடுகிறார். அந்த மனிசன் சொல்லியும் நான் இறங்கமாட்டேன். நீ ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வா. அன்றைக்கு வந்த அத்தனை பேருக்கும் முன்னால் நின்று, ஏன் அக்காவைத் தெரியாதவன் போல் நின்றேன் என்று சொல். சொன்னால் எல்லாரும் அங்கேயே போனை எடுத்து அழிப்பார்கள்.

அக்னெஸ்


கோட்-டெ-நெய்ஜ்
24 மே 2024

அன்புள்ள அக்கா,

இதை உங்கள் வீட்டுக்கு அனுப்பாமல், நீங்கள் சமைக்கிற பிள்ளைகள் காப்பகத்துக்கு, அந்தக் கார்டரி முகவரிக்கு அனுப்புகிறேன். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில், தனிய இருந்து வாசியுங்கள்.

ஞாயிறு நான் வரவில்லை. வந்து எல்லாருக்கும் முன்னால் சொல்லக்கூடிய விசயம் இல்லை அது. வேலை போனால் போகட்டும். இந்த ஊரில் தட்டுக் கழுவ ஆள் தேவைப்படாத இடம் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு எனக்கு நித்திரை இல்லை.

நான் ஒருவருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். அவர் மடுமாதாவின் பெயரால் எனக்கு ஒன்றைச் சத்தியம் செய்தார், நானும் பதிலுக்குச் செய்தேன். அவர் தன்னுடையதை மீறிவிட்டார். நான் என்னுடையதை மீறமாட்டேன். ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் கேட்க மாட்டேன் என்று நான் சத்தியம் செய்யவில்லை. இரண்டு கேள்வி.

வாசலில் நின்ற அந்தப் பிள்ளைக்கு அத்தானின் பெயர் எப்படித் தெரியும்?

எங்கள் ஹோட்டல் கூப்பனை ஒருவர் வாங்கி இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. உள்ளே சூது விளையாடுகிறவர்களுக்கு, அவரவர் பெயரில்தான் அது வரும். அப்படியென்றால் உங்கள் மேசைக்கு வந்தது ஆருடைய பெயரில்?

அக்கா, இதை எழுதிவிட்டு இரண்டு தரம் கிழித்தேன். இது மூன்றாவது.

அம்புறோஸ்


ரொக்ஸ்பரோ
29 மே 2024

அம்புறோஸ்,

பழி வாங்குகிறாயா? வேலை போகப்போகிறது என்றவுடன் என் குடும்பத்துக்குள் நெருப்பு வைக்கிறாயா? உனக்கு விசர்தான். நாக்கூசாமல் எழுதியிருக்கிறாய்.

இவரிடமே கேட்டேன். முன்பதிவில் பெயர் இருந்தது, பார்த்து வாசித்திருப்பாள் என்றார். சரிதானே? மேசை பதியும்போது பெயர் கொடுத்துத்தானே பதிகிறது. கூப்பனைப் பற்றிக் கேட்டேன். “உனக்கு ஆர் இதெல்லாம் சொல்லித் தாறது?” என்று திருப்பிக் கேட்டுவிட்டு வெளியே போய்ப் புல்வெட்டத் தொடங்கிவிட்டார். வெட்டின புல்லையே திரும்ப வெட்டினார்.

இனி எனக்கு எழுதாதே.

அந்த இஞ்சிச்சோடாவைப் பற்றி நான் கேட்கவில்லை. முன்பதிவில் அதுவுமா எழுதியிருக்கும்?

அக்னெஸ்


ரொக்ஸ்பரோ
10 ஜூன் 2024

தம்பி,

எழுதாதே என்றேன், நீ எழுதவில்லை. ஒரு தடவையாவது சொல்வழி கேட்காமல் விட்டிருக்கலாம். நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

புதன்கிழமை கார்டரியில் லீவு சொல்லிவிட்டு, பஸ், மெற்றோ, பிறகு இன்னொரு பஸ் என்று உங்கள் ஹோட்டலுக்குப் போனேன். வேலைக்குப் போகிற சப்பாத்தோடுதான் போனேன். வாசலில் அதே பெட்டை. என்னை மறந்துவிட்டாள். “ஒராளா, மடாம்?” என்று கேட்டாள். ஓம் என்றேன்.

கண்ணாடிப் பக்கத்து மேசையில் இவர் இருந்தார்.

தனிய. துறைமுகத்து மஞ்சள் ஜாக்கெட்டைக் கதிரையில் போட்டுவிட்டு, இஞ்சிச்சோடாவை முன்னால் வைத்துக்கொண்டு, நண்டுக்காலை உடைத்துக்கொண்டிருந்தார். முகம் எப்படி இருந்தது தெரியுமா? அந்த முகத்தோடு அவர் வீட்டில் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. ஒரு கவலையும் இல்லாத முகம். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை, சூதாட்டம்கூட இல்லை.

என்னைக் கண்டார். பாதி எழும்பினார், பாதியில் நின்றார். பரிமாறுகிற பெட்டை, “இந்த மடாம் உங்களோடு வந்தவவா?” என்று அவரிடம் சிரித்துக்கொண்டு கேட்டாள். அவர் நண்டுக்காலைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். நான் சொன்னேன்: “பொஞ்சூர், முசியே.” சொல்லிவிட்டு அவரைத் தாண்டிப் போய் வேறு மேசையில் இருந்தேன்.

அம்புறோஸ், அதைச் சொந்த ஆளுக்குச் சொல்வது எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். நீ அதை எனக்குச் சொன்னபோது உனக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்? நான் என்னவென்றால் வீட்டுக்கு வந்து நட்சத்திரம் எண்ணினேன்.

உங்கள் செஃப்பைக் கூப்பிடச் சொன்னேன். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில், “அது என் தம்பி. பிழை எங்கள் வீட்டுப் பிழை, அவனுடையது இல்லை” என்றேன். அந்த மனிசன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கேட்டார். “அவன் எங்களுக்குச் சொல்லவேயில்லையே” என்றார். எங்கே சொல்லுவாய்? கல்லுளிமங்கன்.

வீட்டில் இவர் எல்லாவற்றையும் சொன்னார். சூதாட்டம் போன வருசப் பனிக்காலத்தில் தொடங்கினதாம். மேலதிக வேலை என்று ஒன்று இருந்ததே இல்லையாம். “என்னை இஞ்சை கண்டா நீ என்னைத் தெரியாத ஆள், அக்காவையும் தெரியாது, நான் இதை விட்டிடுறன்” என்று உன்னிடம் சத்தியம் வாங்கினதையும் அவரே சொன்னார். நீ என்னை அக்கா என்று கூப்பிட்டிருந்தால், ‘அட, முசியே வின்சன்ட் உன் அத்தானா, வாராவாரம் வருகிறாரே’ என்று ஒருத்தி சொல்லியிருப்பாள். அவ்வளவுதானே விசயம்? என் பெருமைக்கு நீ காவல் நின்றிருக்கிறாய், அதற்கு நான் உன்னைத் தட்டுக் கழுவ விட்டேன்.

நேற்றுப் பூசை முடிந்து, அன்றைக்கு வந்த எல்லாரையும் கூட்டிச் சொன்னேன். குணேஸ்வரியையும் வரச் சொல்லியிருந்தேன். காரணம் சொல்லாமல் அழிக்கச் சொன்னால் அழிக்கமாட்டார்கள் என்று தெரியும், அதனால் காரணத்தோடு சொன்னேன். செபஸ்தியாம்பிள்ளை அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போனை எலிசாவிடம் கொடுத்து, “அழி பிள்ளை” என்றார். எலிசா தன்னுடையதையும் அழித்தாள். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. இனிமேல் பங்கில் என்னைப் பார்த்து என்ன கதைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கதைக்கட்டும். குணேஸ்வரி உன் பெயரை மட்டும் எடுத்தாள். மிச்சத்தை எடுக்கமாட்டாளாம். “ஒரு வாய் சாப்பிடுங்கோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை எண்டது உண்மைதானே, அக்னெஸ்? அதை ஏன் அழிக்க?” என்கிறாள்.

இவர் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, இனிமேல் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். நம்ப வேண்டும் போலவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. இப்போது நிலக்கீழ் அறையில்தான் படுக்கிறார். நீ படுத்த அதே கட்டில்.

போனில் உன் இலக்கத்தைத் திறந்துவிட்டேன். என்றாலும் எழுது. போன் அடித்தாலே அவர் முகம் கறுக்கிறது.

அக்கா


கோட்-டெ-நெய்ஜ்
20 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

என்னைத் திரும்பக் கவுண்டருக்கு விட்டுவிட்டார்கள். விசாரணை இரண்டு சொல்லோடு முடிந்தது. செஃப் உங்களைப் பற்றிச் சொன்னாராம். இந்தச் சந்தோசத்தோடு கடிதத்தை முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நேற்றுப் புதன்கிழமை. மத்தியானக் கூட்டம் குறைந்த நேரம். மாட்டிறைச்சியைத் திருப்பி வைத்துவிட்டு நிமிர்ந்தேன். தட்டோடு அத்தான் நிற்கிறார்.

கண்ணை என்மேல் வைக்காமல், வழக்கம்போல “மாடு” என்று பிரெஞ்சில் சொன்னார். தெரியாத ஆள் போல் நிற்கிற அந்தச் சத்தியம் இன்னும் நடப்பில் இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ. உங்களிடம் செய்த சத்தியத்தை அவர் மறந்துவிட்டார், நான் அவருக்குச் செய்ததை மட்டும் மறக்கவில்லை.

நான் மெல்லிசாக வெட்டவில்லை. வீட்டில் வெட்டுகிற மாதிரித் தடிப்பாக ஒரு துண்டு வெட்டி வைத்தேன். “காணும்” என்று கையால் மறித்தார். தமிழில் சொன்னார், தன்னை அறியாமல். மறித்த கைக்கு மேலால் இன்னொரு துண்டை வைத்தேன். செஃப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அத்தான்,” என்றேன். உரத்துத்தான் சொன்னேன். வாசல் பிள்ளை திரும்பிப் பார்த்தாள், சூப் பக்கம் நின்றவர்களும் பார்த்தார்கள். “அத்தான், ஒரு வாய் சாப்பிடுங்கோ. சாப்பிட்டிட்டு வீட்டை போங்கோ. அக்கா பாத்துக்கொண்டு இருப்பா.”

தட்டு ஆடி, குழம்பு என் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. அவர் அழுதார், அக்கா. சத்தமில்லாமல், தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடி. பிறகு தட்டைக் கவுண்டரில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். ஒரு வாயும் சாப்பிடவில்லை.

எங்கள் வாசலைத் தாண்டினால் இரண்டு பக்கம். இடது பக்கம் கார் நிறுத்துகிற இடம். வலது பக்கம் சூது விளையாடுகிற மண்டபம். அவர் எந்தப் பக்கம் திரும்பினார் என்று நான் நின்ற இடத்தில் இருந்து தெரியாது. கவுண்டரை விட்டு ஓடிப்போய்ப் பார்க்கத்தான் நினைத்தேன், ஆனால் வரிசையில் ஒரு குடும்பம் தட்டோடு வந்து நின்றுவிட்டது.

உங்களுக்குப் போன் எடுத்திருக்கலாம். இலக்கத்தை அழுத்துவதும் வைப்பதுமாக இருந்தேன். நீங்கள் ‘இல்லை’ என்று சொன்னால், அதைக் காதால் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதுதான் எழுதிக் கேட்கிறேன்.

அத்தான் நேற்று வீட்டுக்கு வந்தாரா, அக்கா?

தம்பி
அம்புறோஸ்